பிடியரிசியில இருந்து கல்விச் சீர் வரை: ஊர் சேர்ந்து பள்ளிக்கூடம் வளர்த்த கதை

கொஞ்ச வருஷமா ஒரு காட்சியை நீங்களும் செல்போன்ல பார்த்திருப்பீங்க. முன்னாடி மேளம் போகுது. பின்னாடி பொம்பளைங்க வரிசையா தாம்பாளம் ஏந்தி வர்றாங்க. தாம்பாளத்துல தேங்காய், பழம், பூ. கூடவே நோட்டு, பென்சில் டப்பா, உலக உருண்டை, சுவர்க் கடிகாரம். ஆம்பளைங்க தலையில பிளாஸ்டிக் நாற்காலி. கடைசியா ஒரு மினி வண்டியில பீரோ, மின்விசிறி, தண்ணிக் குடம். பார்க்கிறவங்களுக்கு காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் போகுதுன்னுதான் தோணும். ஆனா ஊர்வலம் போய் நிக்கிற இடம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. இதுக்குப் பேரு கல்விச் சீர். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் அடிக்கடி நடக்குது. இப்ப பல மாவட்டத்துக்கும் பரவியிருக்கு.

இதைப் பார்த்துட்டு பட்டணத்து நண்பர்கள் ஒரு கேள்வி கேட்கிறாங்க. "எங்க பிள்ளைங்க பள்ளியில ஏதாவது வசூல்னா பெத்தவங்க பத்துப் பேர்கூட வரமாட்டேங்கிறாங்க. கிராமத்துல மட்டும் எப்படி ஊரே கிளம்பி வருது?"

உண்மையச் சொன்னா எல்லாக் கிராமத்துலயும் வர்றதில்ல. "தலைக்கு நூறு ரூபாய் கொடுத்தனுப்பவும்"னு பிள்ளைங்க கையில சீட்டு கொடுத்து விட்டா எங்க பக்கத்துலயும் பாதி வீட்டுல பதில் இருக்காது. அதே ஊர், அதே குடும்பம், கேட்கிற விதம் மாறினா பீரோவைத் தலையில தூக்கிட்டு வரும். இந்த வித்தியாசம் இன்னைக்கு நேத்து வந்ததில்ல. தமிழ்நாட்டுல தொடக்கப்பள்ளிக்கு ஊர் கொடுத்த கதைக்கு இருநூறு வருஷத்துக்கு மேல வரலாறு உண்டு. அதைப் புரட்டிப் பார்த்தா, குடும்பங்கள் எப்போ கை கொடுத்தாங்க, எப்போ கையை இழுத்துக்கிட்டாங்கன்னு நல்லாவே தெரியும்.

திண்ணையும் கோலாட்டமும்

1822-ல சென்னை மாகாண கவர்னரா இருந்த தாமஸ் மன்றோ, மாகாணத்துல எத்தனை பள்ளிக்கூடம் இருக்கு, எத்தனை பேர் படிக்கிறாங்கன்னு கணக்கெடுத்து அனுப்பச் சொல்லி எல்லாக் கலெக்டருக்கும் உத்தரவு போட்டார். 1826-ல தொகுத்த கணக்குல 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள்னு வந்தது. அப்போ மாகாண ஜனத்தொகை ஒரு கோடியே 28 லட்சம். இதுல பெரும்பாலானவை ஒரு வாத்தியார், ஒரு திண்ணை, கொஞ்சம் மணல்னு நடந்த பள்ளிகள். அரசாங்கச் சம்பளம் கிடையாது. பிள்ளைங்களை அனுப்பின குடும்பங்கதான் வாத்தியாருக்குச் சோறு போட்டாங்க.

அந்தச் சம்பளம் காசாகவும் வந்தது, நெல்லாகவும் வந்தது, காய்கறி, எண்ணெய், பண்டிகைக்கு வேட்டின்னும் வந்தது. வீட்டுல எது இருந்ததோ அது போச்சு. காசுப் பழக்கம் குறைஞ்ச கிராமத்துக்கு அதுதான் தோதான முறை.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் நவராத்திரி வசூல். அந்த நாட்கள்ல வாத்தியார் பிள்ளைங்களுக்குக் கோலாட்டமும் பாட்டும் சொல்லிக் கொடுப்பார். பிள்ளைங்க நல்ல துணி உடுத்தி, வாத்தியாரோட வீடுவீடாப் போய்ப் பாடி ஆடுவாங்க. வீட்டுக்காரங்க காசும் அரிசியும் கொடுப்பாங்க. அது வாத்தியாருக்குப் போகும். பிள்ளைங்களுக்குப் பொரியும் கடலையும். தன் பிள்ளை ஊருக்கு முன்னால ஆடிப் பாடும்போது எந்தத் தாய் தகப்பன் கதவைச் சாத்துவாங்க? பிள்ளை ஒரு வருஷத்துல என்ன கத்துக்கிட்டான்கிறதையும் அந்த வாசல்லயே பார்த்துக்கலாம்.

இந்தக் கதையில ஒரு பெரிய ஓட்டையும் இருக்கு. அந்தத் திண்ணையில யார் உட்கார்ந்தாங்க? தாழ்த்தப்பட்டவங்கன்னு ஒதுக்கி வச்ச குடும்பத்துப் பிள்ளைங்களுக்குத் திண்ணையில இடம் கிடையாது. பொம்பளைப் பிள்ளைங்க விரல்விட்டு எண்ணுற அளவுதான். "ஊரே சேர்ந்து கொடுத்தது"ன்னு பெருமையாச் சொல்லும்போது எந்த ஊர், யாரோட ஊர்னு கேட்டுக்கணும். இந்தக் கேள்வி கடைசி வரைக்கும் நம்ம கூடவே வரும்.

ஒரு கைப்பிடி அரிசி

1880-கள். இன்னைக்கு விருதுநகர்னு சொல்ற விருதுபட்டி. நாடார் சமூகத்து வியாபாரிகள் கையில பணம் இருந்தது. ஆனா கோயிலுக்குள்ள விடமாட்டாங்க, மத்த பல இடங்கள்லயும் மரியாதை கிடையாது. பிள்ளைங்க படிக்கணும்னா தாமே ஒரு பள்ளிக்கூடம் கட்டணும்னு முடிவு பண்ணாங்க. அப்படி வந்ததுதான் சத்திரிய வித்தியாசாலை.

பள்ளிக்கூடத்தைக் கட்டிடலாம். வருஷா வருஷம் நடத்த என்ன வழி? ரெண்டு வழி இருந்தது. ஒண்ணு மகமை. வியாபாரத்துல ஒரு மூட்டைக்கு இவ்வளவுன்னு ஒரு சின்னத் தொகையைப் பொதுவுக்கு எடுத்து வைக்கிறது. மூட்டை விலையோட பார்த்தா தூசி மாதிரி. ஆனா ஊர் முழுக்க எல்லா மூட்டையிலயும் எடுத்தா அது மலை.

ரெண்டாவது பிடியரிசி. தினம் உலை வைக்கும்போது, பானையில போடறதுக்கு அளந்த அரிசியில இருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்துல போட்டு வைக்கணும். பள்ளிக்கூடத்துக்காக ஆள் வந்து வீடுவீடா அதை வாங்கிட்டுப் போவாங்க.

ஒரு விவசாயியா இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கைப்பிடி அரிசி ஏறக்குறைய 50 கிராம் வரும். ஒரு மாசத்துக்கு ஒன்றரைக் கிலோ. 200 வீடு இருந்தா 300 கிலோ. மாசாமாசம் 300 கிலோ அரிசி வருமானம் இருந்தா ரெண்டு மூணு வாத்தியாருக்குத் தாராளமாச் சம்பளம் கொடுத்திருக்கலாம். ஆனா எந்த வீட்டுலயும் ஒரு வாய்ச் சோறுகூடக் குறைஞ்சிருக்காது.

இந்தக் கணக்கை விட முக்கியமா இன்னொண்ணு இருக்கு. அந்தக் காலத்துல வீட்டுப் பொம்பளைங்க கையில காசு இருக்காது. பணப்பெட்டிச் சாவி ஆம்பளைங்க இடுப்புல. ஆனா அரிசிப் பானை அவங்க அதிகாரத்துல. பிடியரிசி கேட்டதன் மூலமா, வீட்டுல காசே இல்லாத ஆளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடையாளி ஆக்கிட்டாங்க. யார்கிட்டயும் அனுமதி கேட்க வேண்டாம். மாசத்துக்கு ஒருதரம் ஞாபகம் வர்ற விஷயமாவும் இல்லாம, தினமும் உலை வைக்கும்போதெல்லாம் "இது பள்ளிக்கூடத்துக்கு"ன்னு அந்தக் கை நினைச்சுக்கும். தினமும் அரிசி போடற பள்ளியில பையன் ஒழுங்காப் படிக்கிறானான்னு கேட்காம இருப்பாங்களா?

அந்தப் பள்ளியில படிச்சு, அப்பா சின்ன வயசுலயே இறந்துட்டதால குடும்பக் கஷ்டத்துல பாதியில நின்ன ஒரு பையன் பேரு காமராஜ். பிடியரிசியில பள்ளிக்கூடம் நடக்கும்ங்கிறது அவருக்குப் புத்தகத்துல படிச்ச விஷயம் இல்ல, கண்ணால கண்டது.

பேனாவால நின்ன சாப்பாடு

நடுவுல சென்னைக்கு ஒரு எட்டு. 1920-ல சென்னை மாநகராட்சித் தலைவரா இருந்த பி. தியாகராயச் செட்டியார் முயற்சியில, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில பிள்ளைங்களுக்கு உணவு கொடுக்க மன்றம் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகக்கூடாதுன்னு கணக்கு. பிள்ளைங்க வருகை கூடிச்சு, வேற பள்ளிகளுக்கும் பரவிச்சு. 1925-ல, கல்வி நிதியில இருந்து இதுக்குச் செலவு பண்ணக்கூடாதுன்னு வெள்ளைக்கார அரசாங்கம் சொல்லவும் நின்னுபோச்சு. ரொம்ப நல்ல திட்டம். ஆனா ஒரே பையில இருந்து பணம் வந்ததால ஒரே கையெழுத்துல அது நின்னுடுச்சு.

ஆறு காசும் நாலு காசும்

1954-ல காமராஜ் முதலமைச்சர் ஆனார். முந்தின வருஷம் வந்த அரைநாள் பள்ளித் திட்டத்தை, மக்கள் குலக்கல்வின்னு எதிர்த்ததை, எடுத்துட்டாங்க. பொதுக்கல்வி இயக்குநரா நெ. து. சுந்தரவடிவேலு வந்தார். ஊர் ஊராப் பள்ளி திறக்கிற வேலை வேகமா நடந்தது. பள்ளி திறந்தாச்சு, பிள்ளைங்க வரணுமே? வீட்டுல கஞ்சிக்கு வழியில்லாத பிள்ளை ஆடு மேய்க்கப் போனா ஒரு வேளைச் சோறாவது கிடைக்கும். பள்ளிக்கு வந்தா?

மதிய உணவு யோசனை வந்தப்ப காசுக்கு எங்க போறதுங்கிற கேள்வியும் வந்தது. அரசாங்கம் ஒதுக்கீடு செய்யற வரைக்கும் காத்திருக்கல. 1956-ல எட்டயபுரம் வட்டாரத்துல ஊர் மக்கள் கொடுத்த கொடையை வச்சே சாப்பாடு போட ஆரம்பிச்சாங்க. அது ஊர் ஊராப் பரவிச்சு. 1957-ல அரசாங்கம் உதவிக்கு வந்தது. அதே வருஷம் ஏப்ரல்லதான் அணா போய் நயா பைசா வந்திருந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பத்து நயா பைசா. அதுல ஆறு பைசா அரசாங்கம், நாலு பைசா ஊர்.

இந்த நாலு பைசாவைச் சாதாரணமா நினைச்சுடாதீங்க. நாற்பது பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு ரூபாய் அறுபது பைசா. 200 நாள் பள்ளி நடந்தா 320 ரூபாய். அன்னைக்கு அது ஒரு சின்ன ஊருக்குப் பெரிய தொகை. அதைக் காசாக் கேட்டிருந்தா வந்திருக்காது. நெல், அரிசி, காய்கறி, விறகு எதுவும் கொடுக்கலாம்னாங்க.

இங்க களத்துமேடு பத்திக் கொஞ்சம் சொல்லணும், பட்டணத்துல இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அந்தக் காலத்துல நெல் அறுத்து அடிச்சுத் தூத்தினதும் நேரா வீட்டுக்குப் போகாது. தச்சர், கொல்லர், வண்ணார், முடிதிருத்துறவர், நீர் பாய்ச்சுறவர், கோயில்னு வருஷம் பூராவும் ஊருக்கு உழைச்சவங்க பங்கைக் களத்துலயே மரக்கால்ல அளந்து கொடுத்துட்டுத்தான் மிச்சம் வீட்டுக்கு. அந்த வரிசையில பள்ளிக்கூடத்துக்கும் ஒரு அளவு நெல்னு கேட்டா குடியானவனுக்கு அது புதுச் செலவாத் தெரியாது. கண்ணு முன்னால பொலி குவிஞ்சு கிடக்கும்போது ஒரு மரக்கால் கொடுக்க யாருக்கும் மனசு சுருங்காது. அதே ஆளை ஆனி மாசத்துல போய்க் கேட்டுப் பாருங்க, அவனே விதைநெல்லுக்குக் கடன் வாங்க அலைஞ்சுக்கிட்டிருப்பான்.

கடம்பத்தூர் வழி

அடுத்த கட்டம் 1958-ல. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துல, இப்போ திருவள்ளூர் மாவட்டத்துல இருக்கிற கடம்பத்தூர்ல முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. அஞ்சாறு வருஷத்துக்குள்ள இப்படி நூற்றுக்கு மேற்பட்ட மாநாடுகள் மாகாணம் முழுக்க நடந்தது. காமராஜரும் சுந்தரவடிவேலுவும் ஊர் ஊராப் போனாங்க. மேடைப் பேச்சை விட, மாநாட்டுக்கு முன்னாடி நடந்த வேலைதான் நாம கத்துக்க வேண்டியது.

முதல்ல அந்த வட்டாரத்துல இருக்கிற ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன வேணும்னு தலைமையாசிரியரும் ஊர்க்காரங்களும் உட்கார்ந்து பட்டியல் போடுவாங்க. கரும்பலகை, மணி, கடிகாரம், பெஞ்சு, குடிதண்ணிப் பானை, சுற்றுவேலி, கூரை மாத்துறது, ஒரு வகுப்பறை, விளையாட நிலம், மதியச் சாப்பாட்டுக்குத் தட்டு, ஏழைப் பிள்ளைங்களுக்குச் சீருடை. "பள்ளியை மேம்படுத்தணும்"னு பொதுவாச் சொன்னா யாருக்கும் புரியாது. "மூணாம் வகுப்புக்குக் கரும்பலகை இல்ல"ன்னா உடனே புரியும்.

அப்புறம் பட்டியல்ல இருக்கிற ஒவ்வொண்ணையும் யார் ஏத்துக்கிறீங்கன்னு கேட்பாங்க. நிலம் இருக்கிறவர் நிலம். வியாபாரி சீருடைத் துணி. தச்சர் பெஞ்சு செய்யற கூலி. ஒண்ணும் இல்லாதவங்க மண் சுமக்கிற உழைப்பு. மாநாட்டு அன்னைக்கு எல்லாத்தையும் பந்தல்ல பார்வைக்கு வைப்பாங்க. கொடுத்தவங்க பேரை வாசிச்சு மேடைக்குக் கூப்பிடுவாங்க. அப்பவே ஒப்படைச்சுடுவாங்க.

இன்னைக்குக் கல்விச் சீர்ல பார்க்கிற எல்லாமே இதுல இருக்கு: பட்டியல், பொருளாக் கொடுக்கிறது, ஊர் பார்க்கக் கொண்டு வர்றது. மேளமும் தாம்பாளமும்தான் புதுசு. அதுவும் நம்ம ஊர்ச் சீர் வழக்கத்துல இருந்து எடுத்ததுதான்.

எதனால கை நீண்டது

மேல சொன்ன எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா, குடும்பங்கள் மனசு வச்ச இடத்துலெல்லாம் நாலு விஷயம் திரும்பத் திரும்ப வருது.

முதல்ல, வீட்டுல எது இருக்கோ அதைக் கேட்டாங்க. அரிசி இருக்கிறவங்ககிட்ட அரிசி, உடம்பு இருக்கிறவங்ககிட்ட உழைப்பு. காசு மட்டும்தான்னு சொன்னா ஏழைக் குடும்பம் தானாவே ஒதுங்கும். ஒதுங்கினவங்களுக்குப் பள்ளிப் பக்கம் வரவே கூச்சம் வந்துடும்.

ரெண்டாவது, காலம் பார்த்துக் கேட்டாங்க. நம்ம பள்ளிகள் திறக்கிறது ஜூன்ல. அப்போதான் விவசாயி கை காலியா இருக்கும். தை, மாசியில சம்பா அறுவடை. அப்போ கேட்டா கிடைக்கும். ஊர் வருமானம் எந்த மாசத்துல வருதுன்னு தெரியாம நோட்டீஸ் அடிச்சா பேப்பர்தான் செலவு.

மூணாவது, கொடுத்தது கண்ணுக்குத் தெரிஞ்சது. நான் கொடுத்த நெல் இன்னைக்கு என் பிள்ளை தட்டுல சோறு. நான் தூக்கி வந்த நாற்காலியில என் பேத்தி உட்கார்ந்திருக்கா. "பொது நிதி"ன்னு ஒரு பெட்டிக்குள்ள போன பணத்துக்கு இந்த உயிர் கிடையாது.

நாலாவது, எதிர்த்தரப்பும் ஏதாவது கொடுத்தது. அரசாங்கம் ஆறு காசு வைக்கிறது தெரிஞ்சதாலதான் ஊர் நாலு காசு வச்சது. "எல்லாத்தையும் நீங்களே பார்த்துக்குங்க"ன்னு சொல்லியிருந்தா ஊர் எழுந்து போயிருக்கும். "எல்லாத்தையும் நாங்களே பார்த்துக்கிறோம்"னு சொல்லியிருந்தா உட்கார்ந்தே இருந்திருக்கும்.

கையை இழுத்துக்கிட்டது எப்போ

இந்த முறைக்கும் சீக்கு உண்டு. நாலு பைசா எல்லா ஊர்லயும் சீரா வரல. நல்லா விளையற ஊர்ல வந்தது. வறண்ட ஊர்ல, மழை பொய்ச்ச வருஷத்துல தடுமாறிச்சு. எந்த ஊர்ப் பிள்ளைக்குப் பசி அதிகமோ அந்த ஊர்லதான் பங்கு குறைவு. ஊர்க் கொடையை மட்டும் நம்பின எந்தத் திட்டத்துக்கும் இந்த அநியாயம் உண்டு.

அப்புறம் கல்வெட்டு. பெரிய தொகை கொடுத்தவர் பேரு சுவத்துல. மண் சுமந்தவன் பேரு எங்கயும் இல்ல. சில இடத்துல பள்ளியே அந்தப் பெரியவர் பள்ளி மாதிரி ஆயிடும். சேரியில இருந்து வர்ற பிள்ளை அந்தச் சுவத்தைப் பார்த்தா என்ன நினைக்கும்? மதிய உணவுல எல்லாப் பிள்ளையும் ஒரே பந்தியில உட்கார்ந்தது ஒரு பெரிய மாற்றம். ஆனா கொடுக்கிற மேடையில அந்த ஒரே பந்தி எல்லா இடத்துலயும் வரல.

வசூலை ஆசிரியர் தலையில கட்டினா என்ன ஆகும்கிறதும் நமக்குத் தெரிஞ்சதுதான். மேலிடத்துல இருந்து இவ்வளவு வரணும்னு சொன்னா, அவர் பிள்ளைங்ககிட்ட கேட்பார். கொண்டு வராத பிள்ளை எழுந்து நிக்கும். அந்தப் பிள்ளை வீட்டுல வந்து சொன்னதுக்கப்புறம் அந்தக் குடும்பம் பள்ளி விழாவுக்கு வராது. ஒரு தடவை அவமானப்பட்ட வீட்டை மறுபடி வரவழைக்க பத்து வருஷம் ஆகும்.

1961-ல இருந்து அமெரிக்காவுல இருந்து கேர் நிறுவனம் மூலமா பால் பவுடர், மக்காச்சோள மாவு, எண்ணெய் வர ஆரம்பிச்சது. 1982 ஜூலை 1-ல எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினப்போ பெரிய அளவுல அரசாங்கமே பொறுப்பெடுத்துக்கிச்சு. பிள்ளை பசிக்கு ஊர் மனசை எதிர்பார்த்து நிக்க வேண்டியதில்லன்னு ஆச்சு. அது சரியான முடிவு. இதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது. 2022 செப்டம்பர் 15-ல மதுரையில ஆரம்பிச்ச காலை உணவும் அதே வழிதான்.

ஆனா சோத்துக் கணக்கோட சேர்ந்து ஊர்க்காரன் பள்ளிக்குள்ள வர்றதுக்கு இருந்த காரணமும் போயிடுச்சு. அரிசி கொண்டு வர்ற சாக்குல எட்டிப் பார்த்தவன் இப்ப எதுக்குப் போவான்? அதே காலத்துல மெட்ரிக் பள்ளிகள் பெருகிச்சு, மஞ்சள் வண்டி கிராமத்துக்குள்ள வந்தது. கொஞ்சம் வசதி வந்த வீட்டுப் பிள்ளைங்க வண்டி ஏறிடுச்சு. அரசுப் பள்ளியில மிச்சம் இருந்தது வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைங்க. ஊர்ல பேச்சு செல்லுற ஆளோட பிள்ளை அங்க படிக்கலன்னா அந்தப் பள்ளிக்காக ஊர்ல யார் பேசுவாங்க? 2019-ல, ஒரு பிள்ளைகூட இல்லாமப் போன நாற்பதுக்கு மேற்பட்ட பள்ளிகளைத் தற்காலிகமா நூலகம் ஆக்க அரசாங்கம் முடிவெடுத்தது நினைவிருக்கும். எங்க ஊர்ப் பள்ளியிலயும் இப்ப முப்பதுக்குக் குறைவான பிள்ளைங்கதான். அங்க மின்விசிறி இல்லாதது பெரிய பயம் இல்ல. பெத்தவங்க படி ஏறாததுதான் பயம்.

இப்ப என்ன பண்ணலாம்

2009-ல வந்த கட்டாயக் கல்விச் சட்டம் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு வேணும்னு சொல்லுது. நாலுல மூணு பங்கு பெத்தவங்க, மொத்தத்துல பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு என்ன வேணும்னு திட்டம் போடறதும் அவங்க வேலை. 1958-ல ஊர்க்காரங்க போட்ட அதே பட்டியல், இப்ப சட்டத்துலயே இருக்கு. 2022 டிசம்பர்ல அரசாங்கம் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி'ன்னு ஒரு அமைப்பையும் ஆரம்பிச்சு, முன்னாள் மாணவர்களும் கம்பெனிகளும் பணம் கொடுக்க வழி பண்ணியிருக்கு. பணம் வர்றதுக்கு வழி இருக்கு. குடும்பம் வர்றதுக்கு நாமதான் வழி பண்ணணும்.

பட்டணத்துல நல்ல வேலையில இருக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைங்க பலர், படிச்ச பள்ளிக்கு ஏதாவது செய்யணும்னு நினைக்கிறாங்க. நல்ல மனசு. ஆனா ஒருத்தரே லட்ச ரூபாய் ஜிபேல அனுப்பி, ஒரே நாள்ல பெயிண்ட் அடிச்சு, பெஞ்சு இறக்கினா என்ன ஆகும்? பள்ளி பளபளன்னு ஆகும். ஊர்க்காரங்க வேடிக்கை பார்ப்பாங்க. "அவன் பார்த்துக்குவான்"னு விட்டுடுவாங்க. அடுத்த வருஷம் உடைஞ்ச பெஞ்சு உடைஞ்சபடியே கிடக்கும். நீங்க அந்தப் பழைய ஆறு காசா இருங்க. நாலு காசை ஊருக்கு விடுங்க. "ஊர் எவ்வளவு சேர்க்குதோ அதுக்கு ஒன்றரை மடங்கு நான் போடறேன்"னு சொல்லிப் பாருங்க. ஆறுக்கு நாலு கணக்கும் அதேதான்.

ஊர்ல இருக்கிறவங்களுக்கும் சொல்றேன். கூட்டத்தைக் காலை பதினொரு மணிக்கு வச்சா நூறு நாள் வேலைக்குப் போற அம்மா வரமுடியாது. சாயங்காலம் விளக்கு வச்சதுக்கப்புறம் வைங்க. மகளிர் குழுக் கூட்டம் நடக்கிற நாள்லயே சேர்த்து வைங்க. பட்டியலைக் கரும்பலகையில எழுதிப் போடுங்க. அதுல பத்து ரூபாய்ச் சாக்பீஸ் டப்பாவும் இருக்கணும், பத்தாயிரம் ரூபாய் அலமாரியும் இருக்கணும். எந்த வீடும் "எங்களால முடியாது"ன்னு சொல்ல இடம் வைக்கக் கூடாது. ஒரு நாள் வந்து தோட்டத்துக்கு முள்வேலி கட்டித் தர்றதும் பட்டியல்ல இருக்கட்டும். வந்தது, செலவானது ரெண்டையும் அதே பலகையில எழுதுங்க. பேர் வாசிக்கும்போது தொகையைச் சொல்லாதீங்க, பொருளைச் சொல்லுங்க. சீர் தூக்கிட்டு வர்ற ஊர்வலம் எல்லாத் தெரு வழியாவும் போகணும், காலனித் தெருவும் சேர்த்து. அந்தத் தெரு அம்மாக்கள் தாம்பாளம் பின்னாடி போகாம முன்வரிசையில போகட்டும். திண்ணைக் காலத்துல இருந்து நாம பாக்கி வச்சிருக்கிற கணக்கு அது.

முக்கியமா, பிள்ளை கையில சீட்டு கொடுத்துக் காசு கேட்கிற பழக்கத்தை விட்டுடுங்க. அதுக்குப் பதிலா பிள்ளைங்களைப் பாடவும், படிக்கவும், கணக்குப் போடவும் ஊருக்கு முன்னால நிறுத்துங்க. நவராத்திரிக் கோலாட்டத்துல வாத்தியார் பண்ணது அதுதான். தன் பிள்ளைக்கு என்ன தெரியும்னு பார்த்த குடும்பம், அந்தப் பள்ளிக்கு என்ன இல்லைன்னு தானே கேட்கும்.

வர்ற தை அறுவடை முடியறதுக்குள்ள உங்க ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒரு போன் போடுங்க. "சார், பட்டியல் போட்டாச்சா?"ன்னு மட்டும் கேளுங்க. போடலன்னா, மேலாண்மைக் குழு அம்மாக்களோட உட்கார்ந்து போடறதுக்கு ஒரு சாயங்காலம் ஊருக்கு வாங்க. பணப் பேச்சை அதுக்கப்புறம் வச்சுக்கலாம்.